ஓட்டுக்கு முன் தண்ணீர்: சிப்பி ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு

பழைய கடற்கரைகள் எவ்வளவு சூடாக இருந்தன, எவ்வளவு மழை கண்டன என்பதைப் புதைபடிவச் சிப்பி ஓடுகளின் வேதியியலைக் கொண்டு கணிக்கும் வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், எத்தனை மைக்ரோகிராம் தூள் வேண்டும், ஒரு மாதிரிக்கு என்ன செலவு என்றெல்லாம். இயந்திரம் இன்று மிக நன்றாக வேலை செய்கிறது. முடிவுகள் கெட்டுப்போவது அதற்கு வெளியே, ஓடு கிடந்த மண்ணிலும், அந்த உயிர் வாழ்ந்த தண்ணீரிலும், நாம் வைக்கும் ஊகங்களிலும். ஆகவே கீழே எழுதியிருப்பதில் இயந்திரம் குறைவு, தண்ணீர் அதிகம்.

1. இந்த அறிவு எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். ஆயிரம் ஆக்ஸிஜன் அணுக்களில் ஏறத்தாழ இரண்டு, மற்றவற்றைவிடக் கனமானவை. அவைதான் ஆக்ஸிஜன்-18 என்ற ஐசோடோப்பு. சிப்பி தன் ஓட்டைக் கட்டும்போது தண்ணீர் குளிர்ந்திருந்தால் கனமான ஆக்ஸிஜன் சற்றுக் கூடுதலாக ஓட்டில் சேரும். சூடாக இருந்தால் குறையும். அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்ட் யூரே 1947-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்குச் சரி, ஆனால் அவ்வளவு சிறிய வேறுபாட்டை அளக்க அன்று கருவியும் இல்லை, முறையும் இல்லை. சிகாகோவில் அவரைச் சுற்றியிருந்த எப்ஸ்டைன், மெக்ரே, லோவன்ஸ்டாம் போன்றவர்கள் சில ஆண்டுகளில் அதைச் சாத்தியமாக்கினார்கள். ஓட்டுத் தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் முறையை மெக்ரே 1950-இல் எழுதினார். இன்றும் நாம் செய்வது அதைத்தான். 1951-இல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலிருந்து வந்த ஒரு பெலம்னைட்டின் முடிவை வெளியிட்டார்கள். கணவாய்க்கு உறவான அந்த ஜுராசிக் கால உயிரின் தோட்டா வடிவ உள்கூட்டை அடுக்கு அடுக்காகச் சுரண்டி அளந்ததில், அது நான்கு குளிர்காலங்களையும் மூன்று கோடைகளையும் கண்டு, ஏறத்தாழ நான்கு வயதில் ஒரு வசந்தத்தில் இறந்தது தெரிந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான். அதிலும் ஓர் ஊகம் இருந்தது: ஜுராசிக் கடலின் தண்ணீர் இன்றைய கடல்நீரைப் போன்றதே என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊகத்தை உங்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும்.

2. திரையில் வரும் எண் வெப்பநிலை அல்ல. ஒரு தரப்பொருளிலிருந்து உங்கள் ஓடு ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகியிருக்கிறது என்பதே அது. டெல்டா என்று எழுதி, பெர் மில் என்று சொல்கிறோம். அரகோனைட் ஓடுகளுக்கு 1986-இல் கிராஸ்மனும் கூவும் கொடுத்த சமன்பாட்டைப் பாருங்கள்: வெப்பநிலை = 20.6 − 4.34 × (ஓட்டின் டெல்டா − தண்ணீரின் டெல்டா). இதில் நீங்கள் அளந்தது ஒன்று, அளக்காதது ஒன்று. தண்ணீரின் டெல்டாவில் 1 பெர் மில் பிசகினால் வெப்பநிலையில் நான்கு டிகிரிக்கு மேல் பிசகும். கடலிலிருந்து ஆவியாகும்போது லேசான ஆக்ஸிஜன் முதலில் கிளம்பும். அதனால் மழையும் ஆறும் லேசானவை, வற்றுகிற உப்பங்கழி கனமானது. நடுக்கடலில் இந்த மாற்றம் சிறிது. கரையோரத்தில் இதுவே பாதிக் கதை.

3. தண்ணீர் மாறாத கரை ஒன்றில் முதல் பாடத்தைப் படியுங்கள். நான் எப்போதும் பெருவைச் சொல்வேன். அந்தக் கரை பாலைவனம். மழை ஏறக்குறைய இல்லை. ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் சிறியவை. ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரும் ஹம்போல்ட் நீரோட்டமும் கடலைக் குளிரவைக்கின்றன. தண்ணீரின் டெல்டா அதிகம் அசையாததால் ஓட்டில் காணும் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் வெப்பநிலை என்றே வாசிக்கலாம். அதோடு, அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் சிப்பி தின்று ஓட்டைக் குவித்திருக்கிறார்கள். வறண்ட மணல் அதைக் கெடாமல் காத்திருக்கிறது.

அந்தக் குவியல்களில் ஏராளமாகக் கிடைப்பது மச்சா என்று அவர்கள் அழைக்கும் மட்டி, மெசோடெஸ்மா டொனாசியம். அலை அடிக்கும் மணற்கரையில் வாழும் குளிர்நீர் உயிர். 1982-83 எல் நினோவில் கடல் சூடேறியபோது பெருவின் மச்சாக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதே சூட்டில் பிஸ்கோ பக்கத்து விசிறிச் சிப்பிகள் பெருகின. ஆகவே எந்தக் குவியலில் எந்த இனம் இருக்கிறது என்பதே ஒரு சாட்சி. 1996-இல் சாண்ட்வைஸும் கூட்டாளிகளும் வட பெருவின் பழைய குவியல்களில் வெதுநீர் இனங்கள் இருப்பதை வைத்து, ஏறத்தாழ 8,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை இன்றுள்ள எல் நினோ அங்கே நிகழவில்லை என்று எழுதினார்கள். அதற்கு மறுப்புகளும் வந்தன. இனப் பட்டியல் மட்டும் போதாது என்றாகி, ஓட்டின் வேதியியலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

2014-இல் மத்தியூ கரேயும் கூட்டாளிகளும் மச்சா ஓடுகளின் ஆக்ஸிஜனை அளந்து 10,000 ஆண்டு வரலாற்றை வெளியிட்டார்கள். மச்சா சில ஆண்டுகளே வாழும். ஓர் ஓட்டில் எல் நினோவின் முழுச் சுழற்சி அடங்காது. அவர்கள் ஒவ்வொரு காலத்திலிருந்தும் பல ஓடுகளை எடுத்து, ஓட்டுக்கு ஓடு எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்தார்கள். எல் நினோவின் அலைவு, பனியுகத்துக்குப் பிந்தைய ஹோலோசீன் காலத் தொடக்கத்தில் இன்றைய அளவுக்கு நெருக்கமாக இருந்தது, 4,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன் மிகவும் அடங்கியிருந்தது என்று கண்டார்கள். 1996-இன் படம் எளிமையானது. 2014-இன் படம் சிக்கலானது, அதனாலேயே நம்பத் தக்கது. இன்னொன்றையும் கவனியுங்கள். வலுத்த எல் நினோவில் மச்சா இறந்துவிடுவதால் மிகச் சூடான மாதங்கள் ஓட்டில் பதியாமலே போகலாம். ஓட்டில் இல்லாததையும் கணக்கில் வைப்பவர்தான் இந்த வேலையில் தேறுவார்.

4. பெருவில் கற்றதை அப்படியே வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுவராதீர்கள். நம் கடல் வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வந்து விழும் கடல் இது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடி உப்புக் குறைந்த தண்ணீரைத் தமிழகக் கரைக்குக் கொண்டுவருகிறது. அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வேறு. தென்மேற்கு மழையோடு ஒப்பிட்டால் வடகிழக்கு மழையின் ஆக்ஸிஜன் இன்னும் லேசானது. அதே நேரத்தில்தான் கடலும் குளிரத் தொடங்குகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். கடல் நான்கு, ஐந்து டிகிரி குளிர்ந்தால் ஓட்டின் டெல்டா ஏறத்தாழ 1 பெர் மில் கூடும். விரிகுடாவில் உப்பு ஓர் அலகு குறைந்தால் தண்ணீரின் டெல்டா சுமார் 0.2 குறையும், ஐந்து அலகு குறைந்தால் 1 பெர் மில் குறையும். குளிர் கூட்டியதை நன்னீர் கழித்துவிடும். ஓட்டில் கோடு தட்டையாக ஓடும். அதைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்தில் பருவ வேறுபாடே இல்லை என்று எழுதினால் அது பொய். பழவேற்காடு போன்ற ஏரிகளில் இன்னும் மோசம். வெயில் காலத்தில் முகத்துவாரம் அடைபட்டுத் தண்ணீர் வற்றும்போது கனமான ஆக்ஸிஜன் மிஞ்சுகிறது. ஓட்டின் டெல்டா ஏறுகிறது. சமன்பாடு அதைக் குளிர் என்று சொல்லும். சித்திரை வெயில் மார்கழியாகக் காட்சி தரும்.

இதனால் நம் கரையின் ஓடுகளுக்கு மதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். கேள்வியை மாற்றுங்கள். வெப்பநிலையைக் கேட்காமல், எந்த ஆண்டு ஆறு நிறைய வந்தது, எந்தக் காலத்தில் பருவமழை வலுத்தது என்று கேளுங்கள். வெப்பமானியாகத் தடுமாறுகிற அதே ஓடு மழைக்கு நல்ல சாட்சி. உணவும் குடிநீரும் பருவமழையை நம்பியிருக்கும் நாட்டில் நமக்கு வேண்டிய கேள்வியும் அதுதான்.

5. உயிரை அறியுங்கள். ஓடு ஆண்டு முழுவதும் வளர்வதில்லை. குளிரிலோ கடும் சூட்டிலோ முட்டையிடும் காலத்திலோ நன்னீர் பெருகும்போதோ சிப்பி வாயை மூடிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திவிடும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் மெர்செனாரியா என்ற மட்டி இருக்கிறது. வடக்கே அது கோடையில் வளர்ந்து குளிர்காலத்தில் நின்றுவிடுகிறது. புளோரிடாவில் கோடைச் சூடு தாங்காமல் அப்போது நின்று, மற்ற மாதங்களில் வளர்கிறது. இனம் ஒன்று, நாட்குறிப்பு இரண்டு. இரண்டு ஓடுகளையும் ஒரே மாதிரி வாசித்தால் வடக்கில் குளிர்காலமும் தெற்கில் கோடையும் காணாமல் போயிருப்பது உங்களுக்குத் தெரியவே வராது. ஆகவே நீங்கள் படிக்கப்போகும் இனத்தின் உயிருள்ள வாரிசைப் போய்ப் பாருங்கள். அது எங்கே புதைந்து வாழ்கிறது, எந்த மாதம் சினைப்படுகிறது, மழைக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை மட்டி அள்ளும் பெண்களிடம் கேளுங்கள். கட்டுரைகளில் இல்லாத விவரம் அவர்களிடம் இருக்கிறது.

6. ஓடு இன்னும் பழைய ஓடாகவே இருக்கிறதா என்று நிரூபித்த பிறகே தூள் எடுங்கள். கால்சியம் கார்பனேட் இரண்டு வடிவங்களில் ஓடாகிறது: அரகோனைட், கால்சைட். சங்கும் பெரும்பாலான மட்டிகளும் அரகோனைட். ஆய்ஸ்டரும் விசிறிச் சிப்பியும் கால்சைட். தூத்துக்குடி முத்துச்சிப்பியில் இரண்டும் உண்டு: வெளியடுக்கு கால்சைட், உள்ளே மின்னும் முத்தடுக்கு அரகோனைட். அந்த ஓட்டில் ஊசி எந்த அடுக்கில் இறங்கியது என்று குறித்து வைக்காதவர் ஓர் அடுக்கின் எண்ணை மற்றதன் சமன்பாட்டில் போடுவார். ஒரே தண்ணீரில், ஒரே சூட்டில் வளர்ந்தாலும் அரகோனைட்டின் டெல்டா கால்சைட்டைவிட 0.6 அளவுக்குக் கூடுதலாக இருக்கும். இரண்டரை டிகிரி அங்கேயே பிசகிவிடும்.

மண்ணுக்குள் கிடக்கும்போது அரகோனைட் மெல்லக் கரைந்து கால்சைட்டாக மறுபடி படிகமாகும். அப்போது நிலத்தடி நீரின் ஆக்ஸிஜன் உள்ளே வந்துவிடும். ஓட்டின் வரியும் வடிவமும் அப்படியே இருக்கும். வேதியியல் மட்டும் வேறொருவருடையது. எக்ஸ்.ஆர்.டி. என்ற எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்து எந்தக் கனிமம் என்று பாருங்கள். அரகோனைட்டாக இருக்க வேண்டிய ஓடு இன்றும் அரகோனைட்டாகவே இருந்தால் அது நல்ல செய்தி. ஃபீகல் கரைசல் அரகோனைட்டைக் கருமையாக்கும், கால்சைட்டை விட்டுவிடும், செலவில்லாத சோதனை. எஸ்.இ.எம். என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நுண்ணமைப்பைப் பாருங்கள். தொடக்கம் முதலே கால்சைட்டான ஓடுகளில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் கனிமம் மாறாமலே அது கெட்டிருக்க முடியும். அங்கே, எலக்ட்ரான் கற்றை பட்டதும் எழும் கேத்தோடு ஒளிர்வைப் பாருங்கள். பிற்பாடு நுழைந்த மாங்கனீஸ் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். இரும்பு அதிகமிருந்தால் அந்த ஒளி அணைந்துவிடும் என்பதால் ஒளிராததை மட்டும் வைத்து நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள். மாங்கனீஸ், இரும்பு, ஸ்ட்ரான்ஷியம் மூன்றையும் அளந்து சேர்த்துப் பாருங்கள். இந்தச் சோதனைகளுக்கு ஒதுக்க நேரமில்லை என்கிற மாணவரின் ஐசோடோப்பு எண்களைப் பார்க்க எனக்கும் நேரமில்லை.

7. மனிதர்கள் தின்று போட்ட குவியலென்றால், சமைத்தார்களா என்று கேளுங்கள். நெருப்பில் நேரடியாகச் சுட்ட ஓடு அரகோனைட்டை இழந்திருக்கும். கருகிய, சாம்பல் நிறமான, எளிதில் பொடிகிற ஓடுகளைத் தொடாதீர்கள். நன்றாக இருக்கும் ஓடுகளில் கடைசி விளிம்பை மட்டும் அளந்தால் அது எந்தப் பருவத்தில் பிடிக்கப்பட்டது என்று தெரியும். 1973-இல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் தென்னாப்பிரிக்கச் சிப்பிகளில் இதைச் செய்து காட்டினார். காலநிலைக்காக எடுத்த தூள் தொல்லியலுக்கும் பதில் சொல்லும்.

8. வெட்டுவதும் துளைப்பதும் கைவேலை, பொறுமையாகப் பழகுங்கள். ஓட்டைப் பிசினில் பதித்து, வளர்ச்சி மிக நீண்ட திசையில், கீல் முதல் விளிம்பு வரை வெட்டுங்கள். வளர்ச்சிக் கோடுகளுக்கு இணையாகத் தூள் எடுங்கள். குறுக்கே போனால் ஒரு தூளில் இரண்டு பருவங்கள் கலந்துவிடும். வெளியடுக்கிலேயே இருங்கள். துளைக்கருவியை வேகமாகச் சுழற்றினால் சூட்டில் அரகோனைட்டின் ஒரு பகுதி கால்சைட்டாக மாறி எண்ணும் நகர்ந்துவிடும் என்பது சோதித்துக் கண்ட உண்மை. மெதுவாக, விட்டு விட்டுத் துளையுங்கள். ஒவ்வொரு துளைக்கும் படமெடுத்து, விளிம்பிலிருந்து தூரத்தைக் குறியுங்கள்.

9. ஒரே ஓட்டை நம்பிக் காலநிலை சொல்லாதீர்கள். சிப்பி இளமையில் வேகமாக வளரும். ஓர் ஆண்டுக்குப் பல மில்லிமீட்டர் கிடைக்கும். வயதானபின் அதே ஆண்டு நூலளவாகச் சுருங்கிவிடும். அதே ஊசியால் துளைத்தால் ஒரு தூளில் பல மாதங்கள் அடங்கும். கோடையும் குளிரும் கலந்து சராசரியாகும். வரைபடத்தில் பருவ வேறுபாடு ஆண்டுக்கு ஆண்டு குறைவதுபோலத் தெரியும். குறைந்தது சிப்பியின் வளர்ச்சி, காலநிலை அல்ல.

கோடுகளை எண்ணுவதற்கும் இதே எச்சரிக்கை. ஐஸ்லாந்துக் கடலில் 2006-இல் எடுத்த ஆர்க்டிகா ஐலாண்டிகா என்ற மட்டி ஒன்றுக்குக் கீல் பகுதியில் எண்ணி 400-க்குச் சற்று மேல் வயது சொன்னார்கள். பிறகு ஓட்டின் வெளிப்பகுதியிலும் எண்ணி, மற்ற ஓடுகளோடு ஒப்பிட்டு, 2013-இல் 507 என்று திருத்தினார்கள். மர வளையங்களைப் பொருத்துவது போலவே ஓட்டோடு ஓட்டைப் பொருத்தி வட ஐஸ்லாந்துக் கடலுக்கு 1,357 ஆண்டு நீளமான தொடர் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் தன் இடத்தில் நிற்கும் கடல் நாட்குறிப்பு அது. இந்தத் துறையின் மிகப் பெரிய சாதனை எது என்று கேட்டால் தயங்காமல் அதைச் சொல்வேன்.

10. ஓட்டின் வயதைக் கரிமக் கணிப்பில் எடுக்கும்போது கடலின் வயதைக் கழியுங்கள். கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், ஓடு தன் உண்மையான வயதைவிட உலகச் சராசரியாக 400 ஆண்டு கூடுதலாகக் காட்டும். ஆழ்நீர் மேலெழும் பெரு போன்ற கரைகளில் இது இன்னும் கூடும். காலத்துக்குக் காலம் மாறவும் செய்யும். ஒரே அடுக்கில் ஓடும் கரித்துண்டும் சேர்ந்து கிடைத்தால் இரண்டையும் தேதியிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் பகுதி ஆறு வந்து சேரும் கழிமுகமென்றால் கல்லின் தொன்மையான கார்பனும் உள்ளே வரும். அகழியில் நீங்களே நின்று எடுத்த ஓட்டுக்கும் யாரோ பெட்டியில் கொடுத்த ஓட்டுக்கும் இங்கேதான் வித்தியாசம் தெரியும்.

11. அளவுகோல்களைக் கலக்காதீர்கள். முதல் தரப்பொருள் தென் கரோலினாவின் பீடீ பாறையிலிருந்து எடுத்த ஒரு பெலம்னைட். அந்தத் தூள் தீர்ந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. இன்று வியன்னா அளவுகோலில் ஓட்டை எழுதுகிறோம். தண்ணீருக்குக் கடல்நீரை அடிப்படையாகக் கொண்ட வேறு அளவுகோல். சமன்பாட்டில் போடும்முன் தண்ணீரின் எண்ணிலிருந்து 0.27 கழிக்க வேண்டும். மறந்தால் ஒரு டிகிரிக்கு மேல் பிழை.

12. துணைச் சாட்சிகளைத் தேடுங்கள், ஆனால் சீக்கிரம் நம்பாதீர்கள். பவளத்தில் ஸ்ட்ரான்ஷியம் நல்ல வெப்பமானி. அதே நம்பிக்கையில் மட்டி ஓட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான். அங்கே ஸ்ட்ரான்ஷியமும் மக்னீசியமும் உயிரின் வளர்ச்சி வேகத்துக்கும் வயதுக்கும் ஆடுகின்றன. கார்பன் ஐசோடோப்பில் சிப்பியின் சொந்த மூச்சும் கலந்திருக்கிறது. உண்மையில் தண்ணீர்ச் சிக்கலை உடைக்கும் வழி ஒன்று 2006-இல் வந்தது. கனமான கார்பனும் கனமான ஆக்ஸிஜனும் ஒன்றோடொன்று எவ்வளவு அடிக்கடி பிணைகின்றன என்று பார்க்கும் இணை-ஐசோடோப்பு முறை. பிரசன்ஜித் கோஷ், ஜான் ஐலர் உள்ளிட்டோரின் ஆய்வு அது. கோஷ் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். இந்த முறைக்குத் தண்ணீரின் டெல்டா தேவையில்லை. வெப்பநிலை இதில் கிடைத்தால், பழைய சமன்பாட்டைத் திருப்பிப் போட்டுத் தண்ணீரையே கண்டுபிடிக்கலாம். தூள் நிறைய வேண்டும், பலமுறை அளக்க வேண்டும், பிழை சில டிகிரிவரை போகலாம். நன்னீர் கலக்கும் கரைகளுக்கு இதைவிட நல்ல துணை இப்போதைக்கு இல்லை.

13. மிகப் பழைய கடலுக்குப் போகும்போது உலகத்தின் தண்ணீரையும் கேளுங்கள். பனியுகத்தில் லேசான ஆக்ஸிஜன் பனிக்கட்டியாகக் கண்டங்கள்மேல் நின்றுவிட்டதால், 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் முழுவதும் ஏறத்தாழ 1 பெர் மில் கனத்திருந்தது. பனியே இல்லாத கிரெட்டேசியஸ் கடலுக்கு மாறாக −1 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இதைப் படிக்க நீங்கள் வெளிநாடு போக வேண்டாம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் அரித்த மண்மேடுகளில் பெலம்னைட்டுகள் கிடைக்கின்றன. அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் ஆய்ஸ்டர் இனங்கள் படுகை படுகையாகக் கிடக்கின்றன. இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்த காலத்தின் கடல் அது. அந்தக் கல் சிமெண்ட் ஆலைகளுக்கு நாள்தோறும் போய்க்கொண்டிருக்கிறது. பழவேற்காட்டு மண்ணுக்கடியில் கிடந்த கிளிஞ்சல்களையும் சுண்ணாம்புக்காகத் தோண்டினார்கள். இழந்தது போகட்டும். தோண்டும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பது உங்கள் தலைமுறையின் கடமை. அனுமதி வாங்கி, அடுக்குக்கு அடுக்கு ஓடெடுத்து, இடமும் ஆழமும் எழுதிவையுங்கள்.

14. ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு பாதியை வெட்டாமல் அருங்காட்சியகத்திலோ பல்கலைக்கழகச் சேகரிப்பிலோ எண் போட்டு வையுங்கள். நாளை வரும் முறைக்கு அது வேண்டும். உயிருள்ள ஓடுகளை ஒப்பீட்டுக்காக எடுக்கும்போது சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. பெருஞ்சிப்பிகள் உட்படப் பல மெல்லுடலிகள் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. ஆய்வு என்று சொல்வதால் விலக்கு வந்துவிடாது.

15. கடைசியாக, தண்ணீரை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். பெருவின் ஓடுகளை உலகம் நம்புகிறதென்றால் அந்தக் கரையின் இன்றைய தண்ணீரும் இன்றைய மட்டியும் முதலில் அளக்கப்பட்டதால்தான். நம் கரையில் உங்கள் ஊருக்கு அருகே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓதம் ஒத்த நேரத்தில், சிறு கண்ணாடிக் குப்பியைக் கழுத்துவரை நிரப்பி, காற்றிடமில்லாமல் இறுக மூடுங்கள். ஆவியானால் டெல்டா மாறிவிடும். அன்றைய வெப்பநிலையும் உப்பும் எழுதுங்கள். அனுமதியோடு சில மட்டிகளைக் கால்சீன் சாயத்தில் ஊறவைத்து, கூண்டில் விட்டு வளருங்கள். சாயக் கோட்டுக்குப் பிறகு வளர்ந்த ஓடு எந்தத் தேதியுடையது என்று ஐயமின்றித் தெரியும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் அருகில் வேண்டாம், குப்பிகள் காத்திருக்கும். பருவமழை உட்பட ஒரு முழு ஆண்டின் தண்ணீர் கையில் சேரும்வரை அந்தக் கரையின் எந்தப் புதைபடிவ ஓட்டுக்கும் வெப்பநிலை எழுதாதீர்கள். வருகிற அமாவாசை ஓதத்தில் முதல் குப்பியை நிரப்புங்கள்.